மெர்லோவின் அம்மாவைத் தேடி: பிரான்ஸ் மறந்த திராட்சைகள்

பிரான்சின் வடமேற்கு மூலையில், பிரெத்தாஞ் கடற்கரையை ஒட்டி சாங் சூலியாக் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஒயினுக்குப் பேர்போன ஊர் இல்லை. 1992இல் அந்த ஊர்க் குன்றின் சரிவில் ஒரு கறுப்புத் திராட்சைக் கொடி கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் அங்கே திராட்சைத் தோட்டம் இருந்தது. அது கைவிடப்பட்டு இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. கொடியில் ஒரு குச்சியை வெட்டி, தெற்கே மோன்பெலியே நகரத்தில் திராட்சை ரகங்களைச் சேகரிக்கும் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் இருந்த எந்த ரகத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. சரி, பேர் தெரியாத இன்னொரு கொடி என்று வளர்த்து வைத்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து, கோனியாக் பிராந்தியின் சொந்த மண்ணான ஷராந்த் பகுதியில் சில கிராமங்களில் அதே கொடி கிடைத்தது. அதுவும் தோட்டத்தில் இல்லை, வீட்டு வாசல் பந்தலில். யாரும் அதில் ஒயின் எடுக்கவில்லை. ஜூலை 22, மகதலா மரியாள் திருநாளை ஒட்டிப் பழுத்துவிடும் என்பதால் ‘மதலேன் திராட்சை’ என்று சொல்லிப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். 2009இல் மரபணு ஆய்வின் முடிவு வெளிவந்தது. வாசல் பந்தலில் கிடந்த அந்தக் கொடிதான், சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மெர்லோ திராட்சையின் தாய். தகப்பன் கபெர்னே ஃப்ராங் என்பது முன்பே தெரியும். தாய் யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. மெர்லோ இன்று பிரான்சில் மட்டும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. ஆய்வாளர்கள் அதன் தாய்க்கு ‘மதலேன் நுவார் தே ஷராந்த்’, அதாவது ஷராந்தின் கறுப்பு மதலேன், என்று பெயர் வைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. அர்ஜென்டினா வரை போய்ப் பேரெடுத்த மால்பெக்குக்கும் தாய் இதே கொடிதான். மால்பெக்கின் தகப்பன் ப்ருனுலார் என்ற ரகம். தென்மேற்கில் காயாக் என்ற ஊரைச் சுற்றி இருந்த அது, ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. இன்னொரு பேர்போன ரகமான சிராவின் பெற்றோர் யார் என்று 1998இல் கண்டுபிடித்தபோதும் இதே கதைதான்: தாய் சவுவா மலைப்பக்கத்து மோந்தேஸ் பிளான்ஷ், தகப்பன் ஆர்தேஷின் துரேஸா. ஒயின் கடைக்காரரிடம் இந்த இரண்டு பேரையும் சொன்னால் முழிப்பார். பிள்ளைகள் வெளிநாடு போய்ச் செழிக்க, பெற்றவர்கள் ஊரில் கேட்பாரற்றுக் கிடந்த கதை.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டால், ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள்: ஃபிலாக்செரா, கொடியின் வேரைத் தின்னும் பூச்சி. அது பாதி உண்மை. பூச்சி கொடிகளைக் கொன்றது நிஜம். ஆனால் திரும்ப நடும்போது எதை நடுவது, எதை விடுவது என்று தீர்மானித்தது பூச்சி இல்லை. நாற்றங்கால்காரர், வியாபாரி, சட்டம் எழுதியவர் என்று பலர் சேர்ந்து எடுத்த முடிவு அது. மறுபாதியைப் பார்க்காமல் பழைய ரகங்களின் இன்றைய மறுமலர்ச்சி புரியாது.

முதலில் பழைய தோட்டம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரெஞ்சு விவசாயி கடையில் கன்று வாங்கியதில்லை. ஒரு கொடி செத்தால், பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடுவார். வேர் விட்டதும் அது தனிக்கொடி. அதனால் ஒரே தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ரகம் கலந்து நின்றது. ஒன்று புளிப்புக்கு, ஒன்று நிறத்துக்கு, ஒன்று மழை வருடத்தில் கைகொடுக்க, ஒன்று தாத்தா வைத்தார் என்பதற்காக. தோட்டம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. வேண்டாத ரகம் என்று ஒன்றை ஒழிக்க வேண்டுமானால் தனியாக மெனக்கெட வேண்டும்.

1860களில் தெற்கே ரோன் ஆற்றங்கரைப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 1868 ஜூலையில் மோன்பெலியே தாவரவியலாளர் ஜூல் எமில் பிளான்ஷோனும் கூட இரண்டு பேரும் சாங் ரெமி அருகே ஒரு தோட்டத்தில் இறங்கினார்கள். செத்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அப்புறம் பக்கத்தில் பச்சையாக நின்ற கொடியைப் பிடுங்கினார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாகப் பூச்சி. சாறு தீர்ந்த வேரை விட்டுவிட்டு உயிருள்ள வேருக்கு நகர்ந்துவிடும் அசுவினி இனத்துப் பூச்சி அது. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு சேர்ந்து கப்பலேறி வந்திருந்தது. பிரெஞ்சு அரசு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது. கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. 1875இல் சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டராக (ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர்) இருந்த ஒயின் உற்பத்தி 1889இல் 2.3 கோடியாகச் சரிந்தது.

தீர்வு பூச்சி வந்த இடத்திலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். ஆகவே கீழே அமெரிக்க வேர்ச்செடி, மேலே பிரெஞ்சு ரகம் என்று ஒட்டுக்கட்டினார்கள். இன்றைக்கும் பிரான்சில் அநேகமாக எல்லாக் கொடியும் இப்படித்தான் நிற்கிறது. இந்தத் தீர்வுதான் பழைய ரகங்களுக்கு எமனாகவும் வந்தது. ஒட்டுச்செடி என்றால் பதியம் போட முடியாது. போட்டால் மேல்ரகமே வேர் விடும், அந்த வேரைப் பூச்சி தின்னும். எனவே ஒவ்வொரு கன்றையும் நாற்றங்காலில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாற்றங்கால்காரர் நூறு ரகத்தை ஒட்டுக்கட்டி வைத்திருப்பாரா? விற்கிற நாலைந்தைத்தான் வைத்திருப்பார்.

எது விற்றது? தெற்கே லாங்தோக் சமவெளியில் அராமோன் என்ற ரகம். ஒயின் நிறம் வெளிறி, சாரம் குறைந்து இருக்கும், ஆனால் கொடி கொட்டிக் காய்க்கும். ரயில் வந்துவிட்டது, வடக்கே ஆலைத் தொழிலாளிக்கு மலிவான ஒயின் வேண்டும். அப்புறம் விலை போடும் முறை: சாதாரண ஒயினுக்கு ஹெக்டோலிட்டருக்கு இத்தனை டிகிரி ஆல்கஹால் என்று கணக்குப் பார்த்தே பணம். சர்க்கரை குறைவாகச் சேர்க்கும் ரகம், தாமதமாகப் பழுக்கும் ரகம், அடர்த்தியான குலையில் அழுகல் பிடிக்கும் ரகம் எல்லாம் தானாகக் கழிந்தன. சாம்பல் நோய் முன்பே வந்திருந்தது, இப்போது அடிச்சாம்பல் நோயும் வேறு வந்து சேர்ந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நம் ஊர்த் தோப்புகளில் இன்றும் அடிக்கிறோமே, போர்டோ கலவை, அது 1880களில் போர்டோ திராட்சைத் தோட்டத்தில் அடிச்சாம்பலுக்காகப் பிறந்த மருந்துதான்.

இருபதாம் நூற்றாண்டு மிச்சத்தையும் துடைத்தது. 1935இல் வந்த ஊர்ப்பெயர்க் கட்டுப்பாட்டு முறை, அதாவது ‘ஏஓசி’, ஒவ்வொரு பகுதிக்கும் எந்தெந்த ரகம் அனுமதி என்று எழுதிவைத்தது. கலப்படத்தையும் போலி ஊர்ப்பெயரையும் தடுக்க அது தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் இல்லாத ரகத்தை வைத்திருந்தவருக்கு அதைப் பிடுங்குவதைத் தவிர வேறு லாபகரமான வழி இல்லாமல் போனது. 1956 பிப்ரவரி உறைபனியில் தென்மேற்கில் பல தோட்டங்கள் ஒரே மாதத்தில் கருகின. திரும்ப நட்டவர்கள் பேர் பெற்ற ரகத்தை நட்டார்கள். இன்று பிரெஞ்சுத் தோட்டப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் வெறும் பத்து ரகங்கள்.

இந்த இடத்தில் நமக்கும் தெரிந்த ஒரு திராட்சை கதைக்குள் வருகிறது. ஃபிலாக்செராவைத் தாங்கும் என்று அமெரிக்க ரகங்களையும் கலப்பினங்களையும் அப்படியே நட்டு ஒயின் எடுத்தவர்கள் நிறையப் பேர். மருந்தடிக்க வேண்டாம், ஒட்டுக்கட்ட வேண்டாம், ஏழைக்கு ஏற்ற கொடி. 1934 டிசம்பரில் ஒரு சட்டம் அவற்றில் ஆறைத் தடை செய்தது: நோவா, ஒதெல்லோ, கிளின்டன், ஜாக்கே, எர்பமோன், இசபெல். இந்த இசபெல்தான் நம் பழக்கடைகளில் பெங்களூர் ப்ளூ என்று விற்கும் கொட்டைத் திராட்சை. பந்தலுக்குக் கீழே போனாலே மூக்கைத் துளைக்கும் அந்த வாசனைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நரி நாற்றம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். இந்த ஒயினைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுகூடப் பிரசாரம் நடந்தது. உண்மையான காரணம் சந்தையில் ஒயின் தேங்கிக் கிடந்ததுதான். யாருடைய கொடியையாவது வெட்டியாக வேண்டும், ஏழையின் கொடி கையில் அகப்பட்டது. செவென் மலைகளில் இன்றும் வீட்டுப் பந்தலில் இந்தக் கொடிகள் நிற்கின்றன. வீட்டுக்கு ஒயின் எடுத்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது.

சரி, இவ்வளவு அழிந்த பிறகும் மீட்பதற்கு எப்படிக் கொடி மிஞ்சியது? அதற்குப் பெரிய காரணம் ஒரு மணல் திட்டு. மோன்பெலியே வேளாண் கல்லூரியில் 1876இல், அதாவது பூச்சி உச்சத்தில் இருந்தபோதே, திராட்சை ரகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். 1949இல் அந்தச் சேகரிப்பை மார்செயான் அருகே, மத்தியதரைக் கடலுக்கும் தோ காயலுக்கும் நடுவில் உள்ள வசால் என்ற மணல்பரப்புக்கு மாற்றினார்கள். மணலில் ஃபிலாக்செரா ஊர்ந்து பரவ முடியாது. அதனால் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே கொடிகள் நிற்கின்றன. 2,600க்கும் மேற்பட்ட ரகங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவை. ஒரு ரகத்துக்கு நாலைந்து கொடி, ஒரு பலகை. பார்க்க அழகான தோட்டம் என்று சொல்ல மாட்டேன், நூலகம் மாதிரி. பூச்சியிலிருந்து காப்பாற்றிய கடலோர மணலுக்கு இப்போது கடல்மட்டம் உயர்வதும் உப்பு ஏறுவதும் கவலை. குருய்சான் பக்கம் வேறு இடத்துக்கு மாற்றும் திட்டம் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

மரபணு சோதனை வருவதற்கு முன்னால் ரகத்தை அடையாளம் கண்டது கண்ணும் விரலும்தான். 2019இல் மறைந்த பியர் கலே அந்தக் கலையின் பேராசான். இலைக்காம்பு சேரும் இடத்தில் உள்ள சந்து திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, இலை எத்தனை மடலாகப் பிரிகிறது, நரம்புகளுக்கு நடுவே கோணம் எவ்வளவு, இளந்தளிரின் நுனியில் பஞ்சு மாதிரி ரோமம் உண்டா என்று அளந்து பார்த்தே பேர் சொல்லிவிடுவார். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஊர் பத்துப் பேர், பத்து ரகத்துக்கு ஒரே பேர் என்ற குழப்பத்தை அவிழ்த்தவர்கள் அவரும் அவர் பள்ளியில் வந்தவர்களும். சிலியில் ‘மெர்லோ’ என்று நின்ற கொடிகளில் பெரும்பகுதி, போர்டோ தொலைத்துவிட்ட கார்மனேர் என்று 1994இல் சொன்ன ழான் மிஷேல் பூர்சிகோவும் மோன்பெலியேக்காரர்தான்.

நூலகத்தில் புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, எடுத்துப் படிக்க ஆள் வேண்டும். காயாக்கில் அந்த ஆள் ரொபேர் ப்லாஜோல். 1980களில், எல்லோரும் சந்தைக்கு ஏற்றபடி சொவினியோன், சிரா என்று நட்டுக்கொண்டிருந்தபோது, இவர் ஓந்தாங்க் என்ற வெள்ளை ரகத்தைத் திரும்ப நட்டார். ஃபிலாக்செராவுக்கு முன்னால் காயாக்கில் பரவலாக நின்று, விளைச்சல் போதாது, அழுகல் பிடிக்கிறது என்று தள்ளப்பட்டது அது. அடுத்து வெர்தனெல், ப்ருனுலார். மோசாக் என்ற ரகத்தில் மட்டும் பச்சை, செம்மை, ரோஜா, கறுப்பு என்று ஏழு வகையைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். அந்த ஊரில் இன்னொரு வெள்ளை ரகத்துக்கு ‘கண்ணுக்குத் தூரம்’ என்று பேர். கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். மொட்டை நாம் கண் என்கிறோம், கண் ஒட்டு என்கிறோம் இல்லையா, பிரெஞ்சிலும் மொட்டுக்குக் கண் என்றுதான் பேர். நீண்ட காம்பில் குலை மொட்டிலிருந்து தள்ளித் தொங்குவதால் அந்தப் பேர். கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்த பேர்கள் இவை.

ப்லாஜோல் ஒரு குடும்பம். தென்மேற்கே கஸ்கோன் பகுதியில் பிளெமோன் கூட்டுறவுச் சங்கம் இதையே நூற்றுக்கணக்கான விவசாயிகளோடு செய்தது, எனக்கு அதுதான் கூடுதல் சுவாரசியம். 1979இல் மூன்று ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து உருவான அமைப்பு அது. உறுப்பினர்களின் பழைய தோட்டங்களில் தேடிச் சேர்த்து, 2002இல் 37 ரகங்களோடு ஒரு காப்புத் தோட்டம் போட்டார்கள். அவற்றில் பன்னிரண்டு, அதுவரை எந்தப் பதிவிலும் இல்லாதவை. அந்த 37இல் தேறிய ஒன்று தார்திஃப். பிரெஞ்சில் ‘தாமதக்காரன்’. பேருக்கேற்ப எல்லோரும் அறுத்து முடித்த பிறகு பழுக்கும். மிளகு வாசனை தரும் ரொட்டண்டோன் என்ற பொருள் அதில் தூக்கல். இன்னொன்று மன்சாங் நுவார். நல்ல கருநிறம், ஆனால் பழுத்த பிறகும் ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

ஒரு காலத்தில் இவை இரண்டுமே குற்றங்கள். தாமதமாகப் பழுத்தால் அக்டோபர் மழையில் மாட்டும். டிகிரி குறைந்தால் விலை குறையும். இன்று நிலைமை தலைகீழ். 1980களோடு ஒப்பிட்டால் அறுவடை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. லாங்தோக்கில் 11 சதவீதத்தை ஒட்டியிருந்த ஒயின் 14ஐத் தொடுகிறது. ஆகஸ்ட் வெயிலில் சர்க்கரை ஏறிக்கொண்டே போக, புளிப்பு கரைந்துபோகிறது. மெர்லோ போல சீக்கிரம் பழுக்கும் ரகம் வைத்திருப்பவர்தான் இப்போது கையைப் பிசைகிறார். தாத்தா எந்தக் காரணத்துக்காகப் பிடுங்கி எறிந்தாரோ, அதே காரணத்துக்காகப் பேரன் தேடிக்கொண்டு போகிறார். பழைய ரகம் என்ற ஏக்கம் விளம்பரத்துக்கு நல்லது. தோட்டத்தில் வேலை செய்வது இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன்.

போர்டோ மாதிரி விதிகளில் இறுகிப்போன இடம்கூட இறங்கிவந்தது அதனால்தான். 2021இல் அங்கே ஆறு புதிய ரகங்களுக்குச் சோதனை அனுமதி கிடைத்தது. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால் போன்றவற்றோடு, போர்டோவிலேயே பிறந்து மறக்கப்பட்ட கஸ்தேஸும் அதில் ஒன்று. ஆனால் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஷாம்பேனில் கதை வேறு: ஆர்பான், பெத்தி மெலியே, பினோ பிளாங், பினோ கிரி ஆகிய நான்கும் எப்போதுமே சட்டப்படி சரிதான், நடுகிறவர்கள்தான் மிகக் குறைவு. நான்கும் சேர்ந்து பரப்பில் அரை சதவீதம்கூட வராது.

மீட்கப்பட்ட ரகத்தைப் பாட்டிலில் ஏற்றுவதற்குள் விவசாயி படும் பாடு தனி. முதலில் அது எது என்று உறுதியாக வேண்டும். அப்புறம் வைரஸ் இல்லாத குச்சி எடுக்க வேண்டும். சில நூறு கொடி நட்டு, மூன்று நான்கு வருடம் காத்திருந்து, சின்னத் தொட்டியில் ஒயின் எடுத்துப் பார்க்க வேண்டும். தேசிய ரகப் பட்டியலில் பதிவாகாத ரகத்தை நட்டு விற்க முடியாது. பதிவான பிறகும், அந்த ஊர் ஏஓசி விதியில் அந்தப் பேர் இல்லையென்றால் பாட்டிலில் ஊர்ப்பெயர் போட முடியாது. பொதுவாக ‘வான் த ஃபிரான்ஸ்’, பிரான்ஸ் ஒயின், என்று மட்டும் போட வேண்டியதுதான். ஒயின் அடுக்குகளில் ஆகக் கீழே இருப்பது அது. ஓர்ப் ஆற்றங்கரையில் ரொக்ப்ரன் என்ற ஊரில் தியெரி நவார் என்பவர் ரிபேரேங், உய்யாத் என்ற இரண்டு ரகங்களைத் திரும்ப வளர்க்கிறார். லாங்தோக்குக்கு இவற்றைவிடச் சொந்தமான திராட்சை கிடையாது. ஆனால் அந்த பாட்டில்களில் லாங்தோக் என்ற பேர் இருக்காது. மண்ணின் அடையாளத்தைக் காக்க எழுதிய விதி மண்ணின் ரகத்தை வெளியே நிறுத்துகிறது. ஊர்ப்பெயர் இல்லாத, ஆனால் கேள்விப்படாத ரகத்தின் பேர் போட்ட பாட்டிலைப் பாரிஸ் கடையில் பார்த்தால் மட்டரகம் என்று தள்ளிவிட வேண்டாம்; சில சமயம் கடையிலேயே சுவாரசியமான சரக்கு அதுவாக இருக்கும்.

எல்லாப் பழைய ரகமும் பொக்கிஷம் என்றும் நம்ப வேண்டியதில்லை. அராமோன் இப்போது சிலர் கையில் நல்ல ஒயின் ஆகிறது, கிழட்டுக் கொடியில் குறைவாகக் காய்க்க விட்டால். ஆனால் அதைக் கோடிக்கணக்கான லிட்டர் குடித்த தலைமுறை அதை ஏன் மறக்க விரும்பியது என்பதற்கும் நியாயம் உண்டு. ஓந்தாங்க் இன்றும் அழுகத்தான் செய்கிறது. சில ரகங்கள் மறக்கப்பட்டதற்குக் காரணம் அவை சுமார் என்பதுதான். அவற்றையும் வசாலில் நாலு கொடி வைத்திருக்கலாம். சுமாரான மதலேனிலிருந்துதானே மெர்லோ வந்தது.

பிளெமோன்காரர்களின் நிலத்தில் சரகாஷி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்திடம் சுமார் 0.2 ஹெக்டேர் பரப்பில்—நம் கணக்கில் அரை ஏக்கர்கூட வராது—ஒரு துண்டுத் தோட்டம். மணல் பூமி என்பதால் ஃபிலாக்செரா அதைத் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்த கொடிகள் சொந்த வேரில் இன்னும் காய்க்கின்றன. இரண்டிரண்டு கொடியாகச் சேர்த்து, சதுரக் கட்டமாக நட்டிருக்கிறார்கள்; மாட்டு ஏர் நெடுக்கிலும் ஓட வேண்டும், குறுக்கிலும் ஓட வேண்டும் என்பதற்காக. 2012இல் பிரெஞ்சு அரசு அந்தத் தோட்டத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் கொடுக்கும் அந்தஸ்து உயிருள்ள திராட்சைக் கொடிக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அறுநூறு சொச்சம் கொடிகளில் 21 ரகம் எண்ணியிருக்கிறார்கள். பதினான்குக்குப் பேர் தெரிந்தது. மீதி ஏழும் உலகத்தில் வேறெங்கும் பதிவாகாதவை. அதனால் தோட்டத்துக்காரர் குடும்பப் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.